பன்னிரண்டு மணிக்கு வாங்கியது

அத்தியாயம் 11

காலை ஒன்பதரைக்கே நெலிடாவின் தட்டு பாதி காலியாகிவிட்டது.

ஜனவரி இருபத்துநாலு, வெள்ளிக்கிழமை. லா பாஸ் ஊரே பன்னிரண்டு மணியை நினைத்துக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிட்டது. கடை முன்னால் ஆளாளுக்குக் குனிந்து நின்று, சால்தேன்யாவின் மூலையைக் கடித்து, உள்ளேயிருக்கும் சூடான சாற்றை உறிஞ்சிவிட்டுத்தான் மாவையும் கறியையும் தொட்டார்கள். சட்டையில் சொட்டு விட்டவரைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர் சிரித்தார். பதினாறு வருஷமாக நெலிடா பார்க்கும் காட்சி. இனி திங்கட்கிழமை வரைக்கும்தான் பார்ப்பாள்.

"கடலைத்தான் அவங்க எடுத்துக்கிட்டாங்க. இப்போ உன் சால்தேன்யாவையும் கொண்டுபோய்க் கொடுக்கப் போறியா, காசேரா?" என்று கேட்டார் டாக்ஸி ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர்.

வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரையொருவர் காசேரா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் சொன்ன கடல், தாத்தாவின் தாத்தா காலத்துப் போரில் சிலிக்காரர்களிடம் பறிகொடுத்த கடல். நெலிடா போகப்போகிற அந்தோஃபகஸ்தா அதன் கரையில்தான் இருக்கிறது.

"திருப்பி வாங்கத்தான் போறேன். வாளி வாளியா அனுப்பறேன், வீட்ல பாத்திரத்தைக் கழுவி வைங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நெலிடாவும் சிரித்தாள். ஒரு மாதமாக இப்படிச் சிரித்துச் சிரித்து அவளுக்குத் தாடையே வலித்தது.

அவளுக்குப் போகப் பிடிக்கவில்லை. கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் அவள் புருஷன் ரோமுலோவின் மினிபஸ் எஞ்சின் போய், வண்டி காயலான் கடைக்குப் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மறுமாதம் அலசீத்தா திருவிழா. ஜனவரி இருபத்துநாலு உச்சிப்பொழுதில் எது வேண்டுமோ அதைக் குட்டி பொம்மையாக வாங்கிப் புகை காட்டிவிட்டால், வருஷத்துக்குள் நிஜமாக வந்து சேரும். அடுத்தவர் வாங்கிக் கொடுத்தால் இன்னும் விசேஷம். நெலிடா அவனுக்காக ஒரு குட்டி மினிபஸ்ஸைத்தான் முதலில் கையில் எடுத்தாள். பார்த்தால் அவனுக்கு வலிக்குமே என்று நினைத்துக் கீழே வைத்துவிட்டாள். பக்கத்தில் பித்தளைக் கொக்கி போட்ட நீலப் பயணப்பெட்டி ஒன்று அழகாக இருந்தது. அதை வாங்கினாள். அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை.

ரோமுலோ அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை. செப்டம்பரில் சிலியிலிருந்து அவன் தம்பி வில்ஃப்ரெடோ கூப்பிட்டான். "அண்ணா, இங்க வா, அண்ணியைக் கூட்டிக்கிட்டு வா, ஒரு கடை போடலாம்" என்றான். அன்றைக்குத்தான் ரோமுலோ சவரம் செய்துகொண்டான். நீலப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ அப்பவே கேட்டுட்டே, எனக்குத்தான் புரியலை" என்றான்.

எழுந்து நிற்கிற மனிதனைப் பார்த்து, நான் எதையும் கேட்கவில்லை என்று அவள் எப்படிச் சொல்வாள்?

---

பத்தரை மணிக்கு ரோமுலோ வந்தான். முகம் மழுங்கச் சவரம், பழுப்பு ஜாக்கெட். மினிபஸ் ஓட்டின நாளிலிருந்தே அந்த ஜாக்கெட்தான்.

"இன்னும் விக்கிறியா? போதும், மூடு. பன்னிரண்டுக்குள்ள திடலுக்குப் போகணும்."

"ரெண்டு பேரும் சேர்ந்தா?"

"தனித்தனியா வாங்குவோம். அப்புறம் மூணு மணிக்கு நேரா சங்கத்து ரூமுக்கு வந்துடு. அக்காவும் அங்க வந்துடுவா."

அக்கா என்றால் செவெரினா, ரோமுலோவின் மூத்த சகோதரி. நெலிடா திரும்பி வரும்வரை கடையை அவள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மார்க்கெட் இடம் ஒரு மாதம் சும்மா கிடந்தால் சங்கம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அதனால் இன்று பதிவேட்டில் செவெரினா பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட வேண்டும். "நீ எப்ப வந்தாலும் அடுப்பு உன்னுது, நெலி" என்று போன வாரம் பூராவும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நெலிடா அடுப்புக் கதவைத் துணியால் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கதவுதான்.

"ரோமுலோ, அங்க காலையில பத்து மணிக்கு யாரும் எதுவும் சாப்பிட மாட்டாங்களாம். வில்ஃப்ரெடோவே சொன்னான்."

"சாயங்காலம் விப்போம்."

"சாயங்காலம் சால்தேன்யாவா? நல்லாத்தான் இருக்கும்! காலையில மிஞ்சினதுன்னு நினைப்பாங்க."

"நம்ம ஊர்லதான் அப்படி நினைப்பாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?"

"தண்ணி அங்க வேற மாதிரி கொதிக்குமாம். கறி சீக்கிரம் வெந்துடுமாம். என் கையில இருக்கறதெல்லாம் இந்த மலைக் கணக்கு. அங்க போய்ப் பச்சைப்பிள்ளை மாதிரி முதல்லேருந்து கத்துக்கணும்."

"நாலு தட்டு கருகும். அஞ்சாவது தட்டு சரியா வரும்."

எதைக் கேட்டாலும் பதில் டக்கென்று வந்தது. பரீட்சைக்குப் படித்தவன் மாதிரி ஒப்பித்தான். இத்தனை ஆசையாக இருப்பவனிடம் என்னத்தைச் சொல்ல?

"உனக்குப் பயமா இருக்கா?" என்று அவன் திடீரென்று கேட்டான்.

"எனக்கென்ன பயம்? நான்தானே பெட்டி வாங்கிக் கொடுத்தேன்" என்றாள்.

சொன்ன நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போல இருந்தது. ரோமுலோ ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். பிறகு சிரித்து, அவள் தொப்பியை நேராக்கிவிட்டுக் கிளம்பிப் போனான்.

---

திடலுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்குக் கால் மணி நேரம் இருந்தது. மழை தூறியது. யாரும் குடையைப் பற்றிக் கவலைப்படவில்லை. உள்ளங்கையில் அடங்கும் வீடு, லாரி, சிமெண்ட் மூட்டை, டாக்டர் பட்டம், கல்யாணப் பத்திரம் என்று மேஜைக்கு மேஜை விற்பனை மும்முரமாக நடந்தது. விவாகரத்துப் பத்திரமும் உண்டு. அதைப் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து வந்து பேரம் பேசுகிற அதிசயமும் இந்த ஊரில் நடக்கும்.

"பெட்டியா காசேரா? எந்த ஊருக்குப் போறே? ஸ்பெயினா, சிலியா? சீட்டு ஒட்டித் தரேன்" என்றாள் பெட்டி விற்கிறவள்.

"சிலி."

"அடப்பாவமே" என்றாள் அவள். உடனே வியாபாரம் ஞாபகம் வந்து, "நல்லா இருப்பே, நல்லா இருப்பே" என்று சேர்த்துக்கொண்டாள்.

பெட்டிகளுக்குப் பக்கத்து மேஜையில் குட்டிக் கடைகள் வரிசையாக இருந்தன. பூக்கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை. கடைசியில் ஒரு சால்தேன்யா கடை. நகத்தளவு அடுப்பு, அதற்கு ஒரு கதவு, கதவுக்குப் பிடிகூட இருந்தது. நெலிடாவின் கை தானாக அதன் பக்கம் போயிற்று.

இதை வாங்கினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். நான் போகமாட்டேன் என்று அர்த்தம். இன்றைக்கு இந்த நேரத்தில் வாங்குவது பொம்மை இல்லை. வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லிவிடலாம். இதைக் கொண்டுபோய் ரோமுலோவிடம் நீட்டினால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஆனால் அவன் பார்ப்பான். பார்த்துவிட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

"எடுக்கறதுன்னா எடு காசேரா, மணியடிக்கப் போகுது!" என்றான் கடைக்காரன். "இது ஒண்ணுதான் இருக்கு. இது மாதிரியே இன்னொண்ணை இப்பத்தான் ஒரு அம்மா பேர் எழுதி வாங்கிக்கிட்டுப் போனாங்க. அதோ, அங்க புகைக்கு நிக்கறாங்க பாரு."

நெலிடா திரும்பிப் பார்த்தாள்.

தணல் சட்டி வைத்துப் புகை போடுகிறவர் முன்னால், தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு நின்றவள் செவெரினா. முட்டி வலி, இன்றைக்கு எழுந்து நடக்கவே முடியாது, மூணு மணிக்கு எப்படியாவது டாக்ஸி பிடித்து வந்துவிடுகிறேன் என்று காலையில் போனில் அழாத குறையாகச் சொன்ன அதே செவெரினா. அவள் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தியிருந்தது குட்டி சால்தேன்யா கடை. பலகையில் சிவப்பு எழுத்தில் பெயர் எழுதியிருந்தது. 'செவெரினா.'

"என்ன வேணும்னு சொல்லும்மா, நல்லா வாய்விட்டுச் சொல்லு" என்றார் புகை போடுகிறவர்.

"நிலைக்கணும்" என்றாள் செவெரினா. "வந்தது திரும்பிப் போகக் கூடாது."

நெலிடா கூட்டத்தில் நான்கு ஆள் தள்ளித்தான் நின்றாள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. திடல் முழுக்கக் கைகள் உயர்ந்தன, புகை எழுந்தது, பொம்மைகள் மேல் மது தெளித்தார்கள், மஞ்சள் பூவிதழ் பறந்தது. பன்னிரண்டு அடியும் அடித்து ஓய்ந்தபோது நெலிடாவின் கை இரண்டும் வெறுங்கையாக இருந்தன. கடையையும் எடுக்கவில்லை, பெட்டியையும் எடுக்கவில்லை.

பிறந்ததிலிருந்து நாற்பத்தோரு அலசீத்தா பார்த்தவள் அவள். வெறுங்கையோடு மணியோசை கேட்டது இதுதான் முதல் தடவை. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

---

மூன்று மணிக்குச் சங்கத்து அறையில் நான்கு பேர் இருந்தார்கள். எல்லாரும் மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடும் தலைவி எர்மினியா, பெரிய பதிவேட்டோடு மேஜைக்குப் பின்னால். பெஞ்சில் செவெரினா, முட்டியைத் தடவியபடி. கதவில் சாய்ந்துகொண்டு ரோமுலோ, ஜாக்கெட் பையில் கையை விட்டபடி. நடுவில் நெலிடா.

"இன்னைக்குப் போட்ட கையெழுத்து கெட்டியா நிக்கும். அதனாலதான் மழையில எல்லாரையும் வரச் சொன்னேன்" என்றாள் எர்மினியா. "நெலிடா, உனக்கு விதி தெரியும். பதிவேட்டுல பேர் மாறினா மாறினதுதான். நாளைக்கு வந்து, நாத்தனார்கிட்டதானே கொடுத்தேன், திருப்பிக் கொடுன்னு என்கிட்ட நிக்கக் கூடாது. அது உங்க வீட்டு விஷயம்."

"அதெல்லாம் எங்களுக்குள்ள பேசிக்கிட்டோம், தோன்யா" என்றாள் செவெரினா. "நான் சும்மா பாத்துக்கத்தானே போறேன்."

"அக்கா, மத்தியானம் எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாள் நெலிடா.

"எங்க போறது? கட்டில்லதான் கிடந்தேன். இந்தப் பாழாப்போன முட்டி இருக்கே..."

செவெரினாவின் சால்வை மடிப்பில் ஒரு மஞ்சள் இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. நெலிடா அருகே போய் அதை எடுத்தாள். எடுத்து, அவள் உள்ளங்கையிலேயே வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

செவெரினா கையைப் பார்த்தாள். முகத்தில் இருந்த வலியெல்லாம் போய் வேறு ஒரு முகம் வந்தது. அதில் வெட்கம் கொஞ்சம்தான் இருந்தது.

"இருபத்தி ரெண்டு வருஷம் நெலி" என்றாள், மற்றவர்கள் காதில் விழாதபடி. "முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு, மேட்டுத் தெரு பூரா ஏறி இறங்கி வித்திருக்கேன். ஒரு இடத்துல உக்காந்து விக்கணும்னு எனக்கும் இருக்காதா? நீதான் போறேங்கறே. உனக்கு வேண்டாம்னு ஆனதைத்தானே நான் கேட்டேன்?"

திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். ஆனால் செவெரினா சொன்னதில் ஒன்றுதான் தப்பு, நெலிடாவுக்கு வேண்டாம் என்று ஆகவில்லை. அது செவெரினாவுக்குத் தெரிய வழியில்லை. யாருக்குமே தெரிய வழியில்லை. யாரிடமும் அவள்தான் சொல்லவில்லையே.

எர்மினியா பேனாவை நீட்டினாள். நெலிடா அதை வாங்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள்.

"ரோமுலோ. போட்டுடட்டுமா?"

இதுதான் கடைசி இடம். அவன் முகத்தில் ஒரு சுருக்கம் தெரிந்தால் போதும், பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். அரை நொடி அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றால்கூடப் போதும்.

"போடு, போடு! இதுல என்ன கேள்வி?" என்று ரோமுலோ சத்தமாகச் சிரித்தான். "அடுத்த வருஷம் இதே நாள், அந்தோஃபகஸ்தாவுல மூணு அடுப்பு எரியும் பாரு!"

சத்தத்தில் எர்மினியாவே தலையை நிமிர்த்திப் பார்த்தாள். சிரித்தபோதும் அவன் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

நெலிடா கையெழுத்துப் போட்டாள். பெயருக்கடியில் கோடு இழுத்தாள். பதினாறு வருஷம் ஒரு கோட்டில் முடிந்தது.

"முத்திரை வைக்கற செயலாளர் திருவிழாவுக்குப் போயிட்டார்" என்று எர்மினியா பதிவேட்டை மூடினாள். "திங்கக்கிழமை காலையில வெச்சுடுவார். அதோட முடிஞ்சுது."

---

வீட்டுக்கு வந்தபோது மழை நின்று ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் அந்தச் சத்தம் இருக்கிறவரை யாரும் பேச வேண்டியதில்லை. நெலிடாவுக்கு அது சௌகரியமாக இருந்தது.

பாதி வீடு ஏற்கெனவே மூட்டையாகிவிட்டது. இரண்டே பேர் குடும்பம், கட்டுவதற்கு அதிகம் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பஸ். அலமாரி மேல் எக்கேக்கோ மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். முதுகு கொள்ளாமல் சாமான் சுமக்கும் அந்த மீசைக்கார சாமியின் தோளில் போன வருஷத்து நீலப் பெட்டி தொங்கியது.

ரோமுலோ முற்றத்தில் கயிறு வெட்டிக்கொண்டிருந்தான். சீட்டியடித்துக்கொண்டே வெட்டினான். அவன் ஜாக்கெட் நாற்காலி முதுகில் சொட்டச் சொட்டக் கிடந்தது. அதை அடுப்பருகே காயப்போடலாம் என்று நெலிடா எடுத்து உதறினாள். பையில் ஏதோ கனத்தது.

கையை விட்டு எடுத்தாள்.

குட்டி மினிபஸ்.

வெள்ளை வண்டி, பக்கவாட்டில் பச்சைக் கோடு. அவனுடைய வண்டிக்கும் பச்சைக் கோடுதான். முன் கண்ணாடியில் அவன் பதினெட்டு வருஷம் ஓட்டின தடத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. இந்த ஊரின் பெயர், இந்த மேட்டின் பெயர், முக்குத் திரும்பினால் வரும் நிறுத்தத்தின் பெயர். கூரையில் மஞ்சள் இதழ் ஒட்டியிருந்தது. மது வாடை அடித்தது. பன்னிரண்டு மணிக்கு வாங்கி, புகை காட்டி, வாய்விட்டுக் கேட்டு, மூன்று மணிக்கு அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் அவன் 'போடு, போடு' என்று சிரித்திருக்கிறான்.

நெலிடா மூட்டை மேலேயே உட்கார்ந்தாள்.

டக்கு டக்கென்று வந்த பதில்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. அவளுக்குச் சொல்ல அல்ல, தனக்குத் தானே சொல்லிச் சொல்லிப் பழகின பதில்கள் அவை. எட்டு மாதம் பெண்டாட்டி உழைப்பில் படுத்துக் கிடந்தவன், அவள் கேட்டது ஒரே ஒரு பெட்டி என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறான். அவளுக்காகச் சவரம் செய்துகொண்டு, அவளுக்காகக் கடல் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். அவளோ அவனுக்காக. போன வருஷம் அந்தக் குட்டி மினிபஸ்ஸைக் கீழே வைக்காமல் வாங்கியிருந்தால்? வலிக்கும் என்று நினைத்தாளே, வலித்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பானே! பாவி, அழகான பெட்டி என்று வாங்கினாளே!

இப்போது சொல்லலாம். முற்றம் பத்தடி தூரம். சொன்னால் என்ன ஆகும்? கடைக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. வண்டி காயலான் கடையில் இரும்பாகிவிட்டது. போகவும் வேண்டாம் என்றால், நாளைக் காலை அவன் எதற்காக எழுந்திருப்பான்? இந்தப் பொய் ஒன்றுதான் அவனை நிற்க வைத்துக்கொண்டிருக்கிறது. அவளையும்தான்.

ஆலங்கட்டிச் சத்தம் அடங்கியது. காலடி கேட்டது. நெலிடா மினிபஸ்ஸைப் பையில் திருப்பிப் போட்டு, ஜாக்கெட்டை இருந்த இடத்திலேயே மாட்டினாள். விரலில் மது வாடை ஒட்டிக்கொண்டது. பாவாடைத் துணியில் துடைத்தாள், போகவில்லை.

ரோமுலோ கயிற்றோடு உள்ளே வந்தான். முதலில் ஜாக்கெட்டைப் பார்த்தான், பிறகு அவளை.

"கேக்கவே மறந்துட்டேன். பன்னிரண்டு மணிக்கு நீ என்ன வாங்கினே?"

நெலிடா அவன் கண்ணைப் பார்த்தாள். கேட்டுவிட்டு அவன் மூச்சுவிடாமல் நிற்பது போல இருந்தது. திங்கட்கிழமைதான் முத்திரை. நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. ஒரே ஒரு சொல். கடை.

"பெட்டிதான்" என்றாள். "வேற என்ன வாங்குவேன்?"

ரோமுலோ தலையாட்டினான். மூட்டைக்குக் கயிற்றைச் சுற்றி, முழங்காலை வைத்து அழுத்தி, முடிச்சை இறுக்கினான்.

"நானும் அதேதான்" என்றான்.